போர்ட் லூயிசுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொரீசியஸ் சுற்றுலா விளம்பரங்கள் இப்போது இலங்கை மலையகத்திலும் கண்ணில் படுகின்றன. கடற்கரைக்கு ஐந்து நாள், தலைநகர் போர்ட் லூயிசுக்கு அரை நாள் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த அரை நாளும் சில வேளை ஞாயிறாக அமைந்துவிடுகிறது. அன்று ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். நம்மவர் பார்க்கவேண்டிய அப்ரவாசி காட் என்ற பழைய ஒப்பந்தக் கூலி முகாமுக்கும் பூட்டு. சந்தை மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். சனிக்கிழமை பின்னேரமும் இதே கதைதான். ஆகவே திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு முழு நாளை ஒதுக்கித் தரும்படி முகவரிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

வடக்கே கிராண்ட் பே பக்கம் தங்குவோர் போர்ட் லூயிசிலுள்ள இமிகிரேஷன் ஸ்குவேர் போகும் பஸ் ஏறினால் போதும். குயூர்பிப் பக்கம் தங்குவோருக்கு மெட்றோ ரயில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கே அப்ரவாசி காட்டில் நிற்பது நல்லது. 1834 நவம்பர் 2ஆம் திகதி 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்ததிலிருந்து, 1920 வரை ஏறக்குறைய நாலரை இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் இத்தீவுக்கு வந்தார்கள். 1849இல் கட்டத் தொடங்கிய இந்த முகாமில் ஓரிரு நாள் வைத்திருந்து, பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக்கியது.

பலர் செய்யும் பிழை, நேரே இடிபாட்டுக்குள் நுழைவது. அப்படிப் போனால் கருங்கல் சுவர் நாலு, கக்கூஸ் வரிசை ஒன்று என்று பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். பக்கத்திலுள்ள விளக்க மண்டபத்தை முதலில் பாருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டு, சமையல் கூடம், வாயிற்காவலர் அறை எல்லாம் தாமாகப் பேசும். துறைமுகத்திலிருந்து ஏறும் 16 கற்படிகளில்தான் இந்த முகாமுக்கு வந்தவர் எல்லோரும் கால் வைத்தார்கள். அந்தக் கல்லைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: எரிமலைக் குழம்பு இறுகிய கல், நீலங்கலந்த கறுப்பு, காற்றுக்குமிழ் உடைந்த சிறு பொத்தல்கள். நம் மலைக் கல்லில் அந்தப் பொத்தல் இருக்காது. மழை பட்டால் வழுக்கும். தேய்ந்த செருப்போடு ஏறவேண்டாம்.

அங்கே வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. பிற்காலத்தவருக்குப் படமும் உண்டு. அவை இந்த முகாமில் இல்லை, மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கைக்கு வந்த நம் முன்னோரின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை. நாம் கங்காணி பிடித்து வந்த ஆட்கள். கையில் கடன் துண்டு, 1901க்குப் பின் தோட்ட இலக்கம் பொறித்த தகர டிக்கட். இரண்டு தீவுக்கும் தமிழ்ச் சீமையிலிருந்து ஆள் போனது என்றாலும் தாள் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

பிறகு சந்தை. இரும்புக் கேற்றில் விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. 'காத்தோ பிமான்' என்று விற்பது நம் பருப்பு வடைதான், அளவில் சிறியது. 'அலூடா' நம் ஃபலூடாவின் ஒன்றுவிட்ட தம்பி: பால், கசகசா என்று நாம் சொல்லும் சப்ஜா விதை, கடற்பாசி. காசு கொடுக்குமுன் நோட்டைப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி நோட்டு அடித்தபோது தமிழர் எதிர்த்ததால் அவற்றை மீளப்பெற்றார்கள். ஆனால் கடைக்காரரிடம் வணக்கம் சொன்னால் வணக்கம் வந்தாலும், அடுத்த பேச்சு கிரியோல் மொழியில்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் பிரெஞ்சுக்காரன் போட்ட ஊரைப் பார்க்கலாம். 1735இல் வந்த ஆளுநர் லா பூர்தோனேதான் இதைத் துறைமுக நகராக்கினார். பனை வரிசை நடுவே அவர் சிலை நிற்கிறது. 1810இல் ஆங்கிலேயர் பிடித்தும் பேச்சிலும் தெருப்பெயரிலும் பிரெஞ்சு போகவில்லை. புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் ஆண்டுத் தபால் முத்திரைகள் இரண்டு உண்டு. நிறம் மங்கிவிடும் என்று அசலுக்குக் கொஞ்ச நேரமே விளக்குப் போடுவார்கள். எத்தனை மணிக்கு என்று வாசலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் நகலைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். குன்றின் மேலுள்ள அடிலெய்ட் கோட்டைக்கு வெயில் தணிந்து ஏறலாம், இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும்.

மழைதான் பெரிய விஷயம். பின்னால் மலை வளைவு, முன்னால் கடல். தோட்டத்தின் மேல் டிவிசனில் கொட்டினால் கீழ் ஓடை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2013 மார்ச் 30இல் அப்படிக் கொட்டிய மழையில் 11 பேர் மாண்டார்கள். சிலர் நெடுஞ்சாலையின் கீழுள்ள சுரங்க நடைபாதையில் அகப்பட்டவர்கள். துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே அந்த நெடுஞ்சாலை ஓடுவதால் நீங்களும் அப்படியொரு நடைபாதையில் இறங்க நேரும். மழை வலுத்தால் இறங்காதீர்கள், மேல்மாடி உள்ள கட்டடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிக் காலம். 3ஆம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் பஸ்ஸும் ஓடாது.

வெயில் நாளிலும் ஐந்து மணிக்குக் கடைகள் மூடத் தொடங்கிவிடும். பஸ்ஸும் நேரத்தோடு நின்றுவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் சிலர்,
ஹட்டன்.