சாவியைத் திருப்பும் முன்

ஐயா, மழைநீரில் மூழ்கிய கார்களின் பழுதுக்கு உற்பத்தியாளர் வாரண்டி பொருந்தாது என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். உண்மைதான்; ஆனால் சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. நீர் வடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதால்தான் பலர் அதை இழக்கிறார்கள். காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது; ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டனோடு இணைந்த ‘கனெக்டிங் ராடு’ என்ற தண்டு வளைந்துவிடும். பணிமனையில் இன்ஜினைப் பிரித்ததும் வளைந்த ராடே வண்டி இயக்கப்பட்டதைக் காட்டிவிடுகிறது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ கூடுதல் காப்பு எடுக்காதவர்களுக்கு, இது வெள்ளத்தால் நேரடியாக அல்லாமல் பிறகு வண்டியை இயக்கியதால் வந்த ‘பின்விளைவுச் சேதம்’ என்று கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நீர்மட்டக் கறை தெரியும்படி படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் அனுப்புவதே சரி. கனமழை எச்சரிக்கை வரும் நாளிலேயே இதைப் பாலிசிதாரர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புமாறு காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட வேண்டும்.

- வாகனப் பழுதுநீக்குநர், வேளச்சேரி