கீரைக்குக் கீழ ஒரு வரி சேருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பேப்பர்ல வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்லி ஒரு துணுக்கு வந்துச்சு. கீரை மேல எனக்குக் கோபம் இல்லீங்க, எங்கம்மாவுக்கும் உடம்பு சூடுன்னு எட்டு மாசம் அதைத்தான் குடுத்தோம், பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி காய்ச்சுன மூலிகைத் தண்ணியும் சேர்த்து.

அம்மாவுக்கு 67 வயசு. ஈறு செவந்து தோல் உரியுது, பிரஷ் பட்டாலே ரத்தம், சம்பல் வாசனைக்கே பயந்துக்கிட்டு ரொட்டிய மைலோவுல ஊறப்போட்டு சாப்பிட்டாங்க. பல் கிளினிக்ல ரெண்டு தடவ கிளீன் பண்ணி பல்செட்டு உரசுதுன்னுட்டாங்க. கண்ணு செவந்து மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுன்னப்ப பார்மசி ட்ராப்ஸ் ஊத்தினோம். வாயும் கண்ணும் ஒரே வியாதின்னு யாருக்குத் தோணும்?

பேரு மியூக்கஸ் மெம்பிரேன் பெம்பிகாய்டு. வாய், கண்ணு, மூக்கு, தொண்டைக்குள்ள இருக்குற மெல்லிசு தோலை அடியில புடிச்சி வெச்சிருக்குற புரோட்டீன நம்ம எதிர்ப்பு சக்தியே தாக்குதாம், அதான் தோல் கழண்டு கொப்புளமாகி உடையுது. தொத்து வியாதி இல்ல, அம்மா தம்ளரைத் தனியா எடுத்து வெச்ச சொந்தக்காரங்களுக்காகச் சொல்றேன்.

எனக்கு ஆறாதது அந்த பயாப்ஸிதான். மொதல்ல போன ஆஸ்பத்திரியில சதைய எடுத்து, கெடாம வெக்கிற பார்மலின் திரவத்துல போட்டு அனுப்பிட்டாங்க, ரிப்போர்ட்ல வெறும் அழற்சின்னு வந்துச்சு. இதைக் கண்டுபிடிக்க இம்யூனோஃபுளோரசன்ஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதுக்குப் புண்ணுக்குப் பக்கத்துல உரியாத எடத்துலேர்ந்து இன்னொரு துண்டு எடுக்கணும், பார்மலின் பட்டா வீண். மறுபடி வெட்டுறதுக்குள்ள நாலு மாசம் ஓடிடுச்சு, அதுக்குள்ள இடது கண்ணுல கீழ் இமை முழியோட ஒட்டிக்கிச்சு. வாய்ப்புண்ணு பெரும்பாலும் தழும்பில்லாம ஆறிடும், கண்ணுல விழுந்த தழும்பு விழுந்ததுதான், மருந்து அதுக்கு மேல போகாம புடிச்சி நிறுத்தத்தான்.

இப்ப ஸ்டீராய்டும் டாப்சோன்ங்கிற மாத்திரையும் போவுது. டாப்சோனுக்கு முந்தி ஜி6பிடி ரத்த டெஸ்ட் பார்த்தாங்க, அந்த என்சைம் கொறைவா இருந்தா இந்த மாத்திரை ரத்தச் செவப்பணுவ உடைச்சிடுமாம். இப்பல்லாம் நம்ம நாட்டுல பிள்ளை பொறந்ததுமே பார்த்துடுறாங்க, எஸ்டேட்ல பொறந்த அம்மாவுக்கு அப்ப யாரு பார்த்தா.

அடுத்த தடவ துணுக்கு போட்டா, ரெண்டு மூனு வாரத்துல புண்ணு ஆறலன்னா டாக்டரப் பாருங்க, கண்ணும் செவந்திருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்கன்னு ஒரு வரி போடுங்க. கீரைப் படத்துக்குக் கீழ எடம் இருந்துச்சு, நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு