உன் தங்கச்சியின் முக்காடு பற்றி

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெரியம்மா எழுதுகிறேன்.

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் உன் தங்கச்சி, கறுப்பு புர்கா போடாமல் தளர்வான சுடிதாரும் முக்காடுமாகப் போகிறாள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அத்தனை பேர் பார்க்க அவளைத் திட்டியிருக்கிறாய். மார்க்கத்தைச் சொல்லித்தான் திட்டினாய். சரி, மார்க்கத்தையே பேசுவோம்.

குர்ஆனில் அந்நூர் சூராவின் (அத்தியாயத்தின்) 31வது வசனத்தைப் போட்டிருந்தாய். பெண்கள் பார்வையைத் தாழ்த்தட்டும், வெளியே தெரிவதைத் தவிர அழகைக் காட்ட வேண்டாம், முந்தானையால் மார்பை மூடிக்கொள்ளட்டும் என்கிறது. அது அல்லாஹ்வின் கட்டளை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, உன் தங்கச்சிக்கும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய 30வது வசனத்தை ஏன் விட்டாய்? பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் ஆண்களுக்குத்தான் சொல்லப்பட்டது.

நபி (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜில் நடந்ததைக் கேள். அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் இளைஞர் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) உட்கார்ந்திருந்தார். கஸ்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர், தள்ளாத வயதிலிருக்கும் தன் தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபள்லு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நபியவர்கள் ஃபள்லுடைய முகத்தைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணை அதட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, எடுத்துப் படி. இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான புனித நிலையில், பெண் முகத்திரை போடக்கூடாது என்று நீ சொல்வாய், உண்மைதான். ஆனாலும் திருத்தப்பட்டது யார் என்று பார்.

அப்புறம் உடை. குர்ஆனின் அல்அஹ்ஸாப் சூரா 59வது வசனம் மேலாடையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. நிறம் சொல்லவில்லை. நம் ஹனஃபி மத்ஹபில், நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியில், முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் மறைத்தே ஆக வேண்டியவற்றில் சேராது. துணி உடம்பைக் காட்டாமல், இறுக்காமல் இருக்க வேண்டும். அவள் உடை அப்படித்தான் இருக்கிறது. நம் வீட்டு மூத்தவர்கள் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டே காலம் முழுக்கப் பேணுதலாக வாழ்ந்தார்கள். கடற்கரை ஊர்களில் வெள்ளைத் துப்பட்டி. புர்கா விரும்பிப் போடுகிறவர் போடட்டும், அதுவும் அழகுதான். ஆனால் அது இல்லாதவளை மார்க்கம் தெரியாதவள் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை.

முக்காடு பற்றிய வசனம் இறங்கியதும் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஹாஜிர் பெண்கள் கையிலிருந்த துணியைக் கிழித்துப் போர்த்திக்கொண்டார்கள் என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். ஈமான், அந்த இறைநம்பிக்கை, அவர்களைச் செய்ய வைத்தது. அண்ணன்மார் யாரும் பக்கத்தில் நின்று அதட்டவில்லை.

எல்லோரும் பார்க்கத் திட்டினாய், எல்லோரும் பார்க்கவே அவளிடம் மன்னிப்புக் கேள். அந்த பஸ்ஸில் அவளை உற்றுப் பார்ப்பவர்களில் உன் கூட்டாளிகளும் இருக்கிறார்களாம், அவள் என்னிடம் சொல்லி அழுதாள். இந்த ஜும்ஆவுக்கு அவர்களைப் பள்ளிவாசலில் பார்ப்பாய் அல்லவா, 30வது வசனத்தை அவர்களிடம் போய்ச் சொல்.

துஆவுடன்,
பெரியம்மா