ஐந்து சதத்துக்கு வாய் திறக்காத மெசின்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் தேறி வருவது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். காலி வீதி நெரிசல் மட்டும் நீ விட்டுப்போனதைவிட மோசம்.

காசு போட்டு ஆடும் பழைய சூதாட்ட மெசினைப் (ஸ்லாட் மெசின்) பற்றிக் கேட்டிருந்தாய். வாங்கியே விட்டேன். சிக்காகோவின் மில்ஸ் நிறுவனம் செய்தது. மூன்று சக்கரங்கள், பக்கத்தில் இழுக்கும் கைப்பிடி. அமெரிக்க ஐந்து சத நிக்கல் காசில் ஓடுவது. வீட்டுக்குள் சூதுப் பெட்டியைக் கொண்டுவந்தேன் என்று மனைவி இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நம் நாட்டுக் காசுக்கு மாற்றினால் என்ன என்று நீ கேட்கிறாய். பஞ்சிகாவத்தையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாஸும் அதையேதான் சொன்னார். எந்தக் காசுக்கு மாற்றுவது, மச்சான்? நாம் மிட்டாய் வாங்கிய ஐந்து சதம் சதுரம், பத்துச் சதத்துக்கு விளிம்பெல்லாம் வளைவு. இரண்டும் மெசினுக்குள் காசு ஓடும் தடத்தில் உருளாது. ஆசை காட்டுவது பழைய ஐம்பது சதம்தான். நிக்கலின் விட்டம் 21.21 மில்லிமீற்றர், ஐம்பது சதம் ஏறத்தாழ 21.5. காசு போடும் வாயை அரத்தால் ராவினால் உள்ளே போய்விடும் என்கிறார் பாஸ்.

உள்ளே போவதோடு முடிந்தால்தானே! இடியப்ப உரலுக்கு அச்சு மாற்றுவதுபோல் ஒரு பாகத்தை மாற்றி முடிக்கிற வேலை இல்லை இது. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கடைசியாகப் போட்ட காசுகள் வரிசையாகத் தெரியும். கள்ளக் காசு போட்டவனைக் கடைக்காரன் அங்கேயே பிடிக்கலாம். அந்த வரிசையின் பற்கள் நிக்கலின் அளவுக்கு வெட்டப்பட்டவை. பிறகு காசு அடுக்கி நிற்கும் குழாய். குழாயின் அடியில் தகடுகள். ஒவ்வொன்றும் காசின் தடிப்புக்கு இழைத்தவை. பரிசு விழுந்தால் உரிய தகடுகள் நகர்ந்து காசைக் கொட்டும். இத்தனையையும் மாற்றினால் என்னிடம் மில்ஸின் பெட்டி இருக்கும், மெசின் பாஸினுடையதாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. மெசினுக்குப் பணத்தின் பெறுமதி தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். சக்கரத்துக்கு இருபது நிலை, மொத்தம் 8000 சேர்க்கைகள். டைம் (அமெரிக்கப் பத்துச் சதம்) போட்டாலும் டொலர் போட்டாலும் அதே சேர்க்கைக்கு அத்தனை காசுதான். 1890களில் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல் மெசினும் அப்படித்தான்: மூன்று மணிப் படங்கள் வரிசையாக விழுந்தால் பத்து நிக்கல்.

காசு மாற்றிய மெசின்கள் எல்லாம் கெட்டுப்போனவை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மெசின்கள் இங்கிலாந்துக்குப் போய்ப் பென்னிக்கும் ஆறு பென்ஸுக்கும் மாறி உழைத்தன. அந்த மாற்றம் அவற்றின் சரித்திரம். 1971இல் அங்கே தசமக் காசு வந்த பிறகும் அவற்றைப் பழைய பென்னியோடு வைத்திருப்பவர்களை மதிக்கிறேன். இன்று நான் அரத்தை எடுத்தால் அது சரித்திரம் ஆகாது, சேட்டை.

ஆகவே உனக்கு ஒரு வேலை. அடுத்த முறை எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ போகும்போது வங்கியில் நிக்கல் சுருள் இரண்டு வாங்கு. சுருளுக்கு 40 காசு, இரண்டு டொலர். ரொறன்ரோவில் புழங்கும் கனடிய ஐந்து சதத்தை மட்டும் அனுப்பிவிடாதே: அகலம் ஒன்றுதான், ஆனால் தடிப்பு 1.76 மில்லிமீற்றர், அமெரிக்க நிக்கல் 1.95. மெலிந்த காசுக்கு மேல் அடுத்த காசும் தகட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். தபாலில் போடாமல், ஆடியில் வரும் உன் மைத்துனரிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
பாலா