'அமைதியான வேலை' என்று நம்பி வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், அதில் நூலக அறிவியலை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பரவாயில்லை, பிளஸ் டூ முடித்த கையோடு இதைத் தேடி வருகிறவர்களும் அபூர்வம்தான். ஏதோ ஒரு டிகிரியை முடித்துவிட்டு, வேலை அமையாமல், ஒரு வருடப் படிப்புதானே என்று பி.லிப். எனும் நூலக அறிவியல் பட்டப்படிப்பில் சேருகிறவர்களே அதிகம்.

நானும் அப்படித்தான் வந்தேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தபோது மாமா விண்ணப்பம் வாங்கி வந்தார். எங்கள் செட்டில் புத்தகம் பிடித்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். மற்றவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி நூலகர் தேர்வு எழுதத் தகுதி வேண்டும். பெண்களை வீட்டுப் பெரியவர்களே சேர்த்துவிட்டிருந்தார்கள், 'அமைதியான வேலை' என்று.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எங்கள் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனே ஆசைப்பட்டு வந்தவரில்லை. மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், சம்பளம் போதாமல் விண்ணப்பித்து 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த அறை சில நாளிலேயே கசந்து, பழைய கல்லூரிக்கே போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாரும், அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை உண்டு என்றார்கள். போனவர் அங்கே நூலகம் நூலகமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பினார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார், 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரியது. சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தால் வந்ததுதான்.

படித்தது திருப்தியா என்று கேட்டால், பாதிக்குப் பாதி. தொலைநிலைக் கல்வியில், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்ணைத் தாளில் போட்டுப் போட்டுப் பழகினோம், ஒரு புத்தகத்தின் முதுகில்கூட எண் ஒட்டியதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கோஹா என்கிற நூலக மென்பொருளைத் திறந்து முன்னால் வைத்தார்கள், முழித்தேன். அப்புறம் பக்கத்துக் கல்லூரி நூலகர் அக்காதான் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

வேலை பிடித்துத்தான் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன் பாதித் தலைப்பை மட்டும் சொல்லிக் கேட்ட புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவிக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிடிக்காதது சம்பளமும், 'லைப்ரரியில் சும்மாதானே இருக்கீங்க' என்று ஆண்டுவிழாவுக்கு நாற்காலி எண்ண அனுப்புவதும். அரசுக் கல்லூரியில் நெட், செட் தகுதித் தேர்வு முடித்தவருக்குள்ள மரியாதை வேறு, என்னைப் போலத் தனியார் கல்லூரியில் இருப்பவர் நிலைமை வேறு. சேரும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால், சேர நினைக்கிறவர்கள் முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நூலகர் அனுமதித்தால் ஒரு வாரம் கூடமாட இருந்து பாருங்கள், செய்முறைப் பயிற்சி உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆசிரியருக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த வருடப் பக்கத்தில் எங்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள், அதில் 'அமைதியான வேலை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்,
மயிலாடுதுறை மாவட்டம்.