சிப்பை ஒட்டித் தந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

போன வாரம் எங்கள் ஒளிச் சிப் வழியாக முதன்முதலாக ஒரு விழித்திரையைப் பார்த்தோம். படம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுக்குகள் பிரிந்து தெரிந்தன, பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுக்குழியும் தெரிந்தது. ஒளியைப் பாய்ச்சி விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி (OCT) கருவியில் ஒளியைப் பிரிக்கும், சேர்க்கும், நிறம் நிறமாகப் பகுக்கும் பாகங்கள் எல்லாம் இப்போது ஒரு விரல்நக அகலத்துக்குள் அடக்கம்.

முதல் நன்றி ஒளியிழையை ஒட்டித் தந்த அண்ணனுக்கு. இழைக்குள் ஒளி ஓடும் தடம் சுமார் 5 மைக்ரோமீட்டர். சிப்பில் ஒளி ஓடும் பாதையான அலைவழி ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. இரண்டையும் நேராக நிறுத்துவதுகூடப் பெரிதில்லை. புற ஊதா விளக்கைக் காட்டியதும் பசை இறுகும், இறுகும்போது சுருங்கும், இழையையும் இழுத்துக்கொண்டு போகும். பாதி ஒளி அங்கேயே காலி. விழித்திரை திருப்பி அனுப்புவதே பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் என்பதால் ஒளியைக் கூட்டவும் முடியாது. நான்கு சிப்புகளை நான் வீணாக்கிய பிறகு, "கொஞ்சம் தள்ளி வெச்சா, இழுத்ததும் சரியா வந்து நிக்கும்" என்று ஐந்தாவதை எடுத்தீர்கள். நின்றது.

தொடக்கத்திலேயே என்னைத் தடுத்த பேராசிரியருக்கு அடுத்த நன்றி. நான் சிலிக்கான் அலைவழி என்று அடம்பிடித்தேன். நாங்கள் பயன்படுத்தும் 840 நானோமீட்டர் ஒளியைச் சிலிக்கான் உறிஞ்சிவிடும். சரி, சிலிக்கானுக்கு ஒத்துவரும் 1300க்குப் போகலாம் என்றால், கண்ணுக்குள் இருக்கும் நீரே அதை விழுங்கிவிடும். 840ஐ உறிஞ்சாத சிலிக்கான் நைட்ரைடுக்கு மாறச் சொன்னீர்கள். மனசில்லாமல்தான் மாறினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சிப்புகளை வெட்டியெடுக்கும் ஒரே வேஃபர் தகட்டில் இடம் பங்கிட்டுக்கொண்ட குழுக்களுக்கும் நன்றி, என் வரைபடம் தாமதமானபோது முணுமுணுக்காமல் காத்திருந்ததற்கு. (கொஞ்சம் முணுமுணுத்தீர்கள்.)

தாங்கியில் முகவாயை வைத்து, இமைக்காதே இமைக்காதே என்ற எங்கள் நச்சரிப்பைப் பொறுத்துக்கொண்ட தன்னார்வலர்களுக்கு என்ன சொல்வது! அப்புறம், படத்தைப் பார்த்ததும் பாராட்டாமல், "படுத்தே கிடக்கும் நோயாளியிடம் இதை எடுத்துப் போகலாமா?" என்று கேட்ட கண் மருத்துவருக்கு: இன்னும் முடியாது, டாக்டர். ஒளிமூலமும் அசையும் கண்ணாடியும் சிப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு செருப்புப் பெட்டி அளவு வருகிறது.

அண்ணா, அடுத்த தொகுதி சிப்புகள் வந்துவிட்டன. எந்த நாள் வரட்டும்?

அன்புடன்,
நான்கு சிப்பை வீணாக்கியவள்