அண்ணாவுக்கு: ஓமகரியில் இந்த முறை கடைசிவரை

அண்ணா,

வாணவேடிக்கைப் போட்டிக்கு இருக்கை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை, ஜப்பானின் வடக்கே அகிதா மாகாணத்து ஓமகரி. நீ, அண்ணி, பாப்பா, நான். உன்னைக் கேட்காமலே குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தேன். கேட்டிருந்தால் "பார்க்கலாம்" என்றிருப்பாய். நீ பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே வேறு விஷயத்துக்குப் போய்விடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டில் எல்லோரும் இங்கே வந்து படிப்பார்கள் என்பதும் தெரியும். சில இடங்களில் பாதியில் நிறுத்தினால் அதற்காகத்தான்.

நாகாவோகா போகலாமே என்று அண்ணி கேட்டாராம். அது ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் வருவது. 1945 ஆகஸ்ட் 1 இரவு அந்த ஊர்மேல் விமானங்கள் குண்டு போட்டதில் இறந்தவர்களை நினைத்து விடும் வாணங்கள். அதையும் ஒரு வருடம் பார்ப்போம். ஆனால் அது போட்டி இல்லை. சுச்சியுராவில் நவம்பர் முதல் சனிக்கிழமை நடப்பது போட்டிதான். டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனில் ஜோபன் தடத்து வண்டி ஏறினால் போதும், உனக்குப் பக்கம். ஆனால் பகல் வெளிச்சத்தில் வண்ணப் புகையாக விடும் பகல் வாணம் ஓமகரியில்தான் போட்டிக்கு உண்டு. 1910-இல் கோயில் திருவிழாவை ஒட்டித் தொடங்கியது அது. நாடெங்கிலுமிருந்து 28 வாணப் பட்டறைக்காரர்கள் வருகிறார்கள். செய்தவரே வந்து தன் கையால் ஏவுகிறார். ஒருவர் செய்ததை இன்னொருவர் கொளுத்துவது அங்கே இல்லை.

முதலில் திரும்பி வருவதைப் பேசிவிடுவோம். போகிற வழியை எல்லோரும் யோசிக்கிறார்கள், திரும்புகிற வழியில் கோட்டைவிடுகிறார்கள். 80,000 பேர்கூட இல்லாத ஊரில் ஒரே நாளில் பல லட்சம் பேர். ஒன்பதரை மணி சுமாருக்கு முடியும். ஆற்றங்கரையிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாதாரண நாளிலேயே அரை மணி நடை. அன்றைக்கு நடக்க முடியாது, நகரத்தான் முடியும். ஸ்டேஷன் வாசலில் திசைக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். அன்றிரவே டோக்கியோ திரும்ப நினைத்தால் கண் வானத்தில் இருக்கும், மனம் கடிகாரத்தில் இருக்கும்.

அதனால் இரவு அகிதா நகரத்தில் தங்குகிறோம். அறை போட்டாயிற்று. ஓமகரிக்குள் அறை கிடைப்பது நடக்காத காரியம். யொகோதே இன்னும் பக்கம், இருபது நிமிடம்தான். அகிதாவுக்குச் சாதாரண வண்டியில் ஐம்பது நிமிடம் ஆகும், ஆனால் அங்கே அறைகளும் அதிகம், அன்றிரவு வண்டிகளும் அதிகம். கூட்டம் வடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தாலும் வண்டி தவறாது. ஞாயிறு மாலைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. டோக்கியோ வழியில் வரும் மொரியோகாவுக்கும் ஓமகரிக்கும் நடுவில் மலைப்பாதை, பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். கனமழை என்றால் நிறுத்திவிடுவார்கள். ஒரு வண்டி தாமதமானால் எதிர்வண்டியும் தாமதமாகும்.

நாம் முன்பு ஓமகரி போய்ப் பாதியில் எழுந்து வந்த வருடம் நீ போட்டிருந்த திட்டம் வேறு. அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை.

ஆனாலும் அந்த ஒரு நிமிடம் இன்னும் போகவில்லை, அண்ணா. 10-ஆம் எண் வாணக் குண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. உன் போன் அடித்தது. நீ எடுத்தாய், "ம்" என்றாய், வைத்தாய். "எழுந்திரு, போகலாம்." குண்டு நம் முதுகுக்குப் பின்னால் விரிந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் முதலில் சிவப்பு, பிறகு வெளிர்பச்சை, பிறகு இருட்டு. எல்லா முகத்திலும் ஒரே நொடியில் இருட்டு. அதை வைத்துத்தான் அது நல்ல குண்டு என்று எனக்குத் தெரிந்தது.

வண்டியில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனில் வந்தது என்ன என்று தெரிந்திருந்தால் பேசியிருக்கமாட்டேன். தெரியாமல் போனது என் தப்பா? ஸ்டேஷன்வரை அத்தனை தூரம் பக்கத்திலேயே நடந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாய். எனக்கு அப்படிப்பட்ட காவல் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது? சரி, இதற்குமேல் இங்கே வேண்டாம். இந்த முறையும் போனை அணைக்கச் சொல்லமாட்டேன். அடித்தால் எடு. எடுத்துவிட்டு என்னிடம் சொல்.

இனி, அன்று நீ பார்க்காதது. 10-ஆம் எண் குண்டு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் குறுக்களவு, எட்டரை கிலோ எடை. ஏழெட்டு நொடியில் 330 மீட்டர் ஏறி, 300 மீட்டர் அகலத்துக்கு விரியும். அட்டையில் செய்த இரண்டு அரைக்கோளத்துக்குள் வண்ண மருந்து மணிகளை ஓரத்தில் ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று என்று அடுக்குகிறார்கள். நடுவில் நெல் உமிமேல் கரிமருந்து பூசிய வெடிப்பு மருந்து. மூடிய பிறகு வெளியே காகிதம் ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டுவார்கள். ஒட்டு ஓரிடத்தில் மெலிந்திருந்தால் குண்டு அங்கே முதலில் பிளந்து, வட்டம் ஒருபக்கம் கோணும். மணி ஒவ்வொன்றும் மருந்தை ஈரமாகப் பூசி, உலர்த்தி, திரும்பப் பூசி நாள்கணக்கில் வளர்த்தது. அளவு கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறுகிற நேரம் மாறிவிடும்.

நீ பார்க்க வேண்டியது நான்கு விஷயம். ஒன்று, ஏறும் வேகம் முழுதும் அடங்கி, குண்டு உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது திறக்கிறதா? முன்பே திறந்தால் பூ மேலே இழுபடும், பிந்தினால் கீழே தொங்கும். திரியின் நீளத்தில் வருகிற பிழை அது. இரண்டு, வட்டம் வட்டமாக இருக்கிறதா, எங்காவது ஒரு மணி பற்றாமல் ஓட்டை தெரிகிறதா? மூன்று, உள்வட்டங்கள் நட்டநடுவில் இருக்கின்றனவா? உள்ளே இரண்டு, மூன்று, நான்கு என்று வட்டங்களை ஏற்ற ஏற்ற ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டுவது கடினம். நான்கு வட்டம் வைத்து மங்கலாகப் போவதைவிட இரண்டு வைத்துத் தெளிவாக வருவதையே நான் உயர்வாக நினைப்பேன். நான்கு, அணைவது. எல்லா மணியும் ஒரே நொடியில் அணைய வேண்டும். சத்தம் ஒரு நொடிக்குமேல் பிந்தித்தான் வரும், அதற்காகக் காத்திருக்காதே.

ஒவ்வொரு பட்டறையும் முதலில் உள்வட்டக் குண்டு ஒன்று, பிறகு தன் விருப்பக் குண்டு ஒன்று, அதன்பின் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும் இசைப்பகுதி என்று வரிசையாக விடும். 1964-இல் ஓமகரியில் தொடங்கிய பிரிவு இந்தக் கடைசிப் பகுதி. கூட்டம் கைதட்டுவது பெரும்பாலும் அதற்குத்தான், பாப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும். நீ முதல் இரண்டு குண்டைத் தவறவிடாதே. கண் சிமிட்டினால் போச்சு.

பகல் வாணம் மாலை 5 மணியை ஒட்டித் தொடங்கும். 5-ஆம் எண் குண்டுகள், ஒளிக்குப் பதிலாக வண்ணப் புகை. நிறைய பேர் அப்போது சோறு வாங்கப் போய்விடுகிறார்கள். பெரிய இழப்பு. பகலுக்கும் இரவுக்கும் நடுவில் கழிப்பறை வரிசை நீண்டுவிடும், அதனால் பகல் பகுதி முடியப்போகும்போதே அண்ணியும் பாப்பாவும் போய் வந்துவிடட்டும்.

மழை பெய்தாலும் நடக்கும். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு. காற்று நம்மை நோக்கி அடித்தால் சாம்பலும் அட்டைத் துணுக்கும் விழும், சாப்பாட்டுக்கு மூடி வேண்டும். காற்றே இல்லையென்றால் அது இன்னும் மோசம். புகை அங்கேயே நிற்கும், அடுத்த குண்டு அதற்குப் பின்னால் விரியும். பாப்பாவுக்குக் காது மூடி. ஆற்றங்கரை இரவில் பனி இறங்கும், உனக்கு ஒரு ஸ்வெட்டர். சொன்னால் கேட்கமாட்டாய், நானே எடுத்து வருகிறேன். ஆளுக்கொரு சின்ன டார்ச்சும் வேண்டும். கடைசியில் அக்கரையில் வெடித்தவர்கள் விளக்கசைப்பார்கள், இக்கரையில் நாம் திருப்பி அசைக்க வேண்டும். நமக்கு அது பாக்கி.

போகும் வண்டி: டோக்கியோவிலிருந்து ஓமகரி வழியாக அகிதா போகும் அதிவேக ரயிலான கொமாச்சியில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான். பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனை, நிமிடங்களில் தீரும். அதற்கும் ஒரு வாரம் முன்பிருந்தே இணையத்தில் விருப்பம் பதிந்து வைக்கலாம், உறுதியில்லை என்றாலும் நான் பதிகிறேன். டோக்கியோவில் ஏறும்போது பெட்டி எண்ணைப் பார். 1 முதல் 10 வரை அதோடு சேர்ந்து ஓடும் இன்னொரு ரயிலான ஹயாபுசா, 11 முதல் 17 வரை கொமாச்சி. மொரியோகாவில் இரண்டும் பிரிந்துவிடும், உள்ளே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அகிதாவில் ஏறினால் ஓமகரிவரை வண்டி பின்பக்கமாக ஓடும். அண்ணிக்குத் தலைசுற்றும் என்றால் மாத்திரை எடுத்துவரச் சொல்.

பாப்பாவுக்கு ஆறு வயது ஆகாததால் டிக்கெட் வேண்டியதில்லை. ஆனால் மூன்று மணி நேரத்துக்குமேல் மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? தனி இருக்கை வேண்டுமென்றால் குழந்தைக் கட்டணம் கட்ட வேண்டும். நான் விருப்பம் பதிவதற்குள் மூன்றா நான்கா என்று அண்ணியைக் கேட்டுச் சொல். "பார்க்கலாம்" என்று எழுதாதே.